ஆறு மணி டோர்னமெண்ட்

வத்தலக்குண்டு ரோட்டில் இருந்த ஞானராஜின் எடைமேடையில் லாரி டிரைவர்களின் தில்லுமுல்லு எதுவும் செல்லாது. சரக்கின் எடையைக் கூட்டிக் காட்ட, காலி வண்டியை எடை போடும்போது பின்சக்கரத்தை மேடைக்கு வெளியே ஒரு சாண் தள்ளி நிறுத்துவார்கள். பாரம் ஏற்றிய வண்டியென்றால் தார்ப்பாய்க்கு அடியில் இரண்டு ஆட்களைப் படுக்கவைத்துக் கொண்டுவருவார்கள். ஞானராஜ் எழுந்து வெளியே போய்ப் பார்க்கவே மாட்டான். ஜன்னல் வழியாக டிரைவரின் முகத்தைப் பார்ப்பான். "அண்ணே, அந்த ரெண்டு பேரையும் எறங்கச் சொல்லுங்க. வெயில்ல வெந்துறப் போறாக," என்பான். டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டே இறங்குவான்.

சீட்டாட்டத்திலும் அவனுக்கு அந்தக் கண்தான் முதல். பேகம்பூரில் சேக் பரீது பாயின் தோல் குடோனுக்கு மேலே ஒரு நீளமான அறை உண்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஆறு பேர் அங்கே கூடுவார்கள். ரம்மியும் மூணு சீட்டும் ஆடிச் சலித்துக் கிடந்தவர்களுக்குப் போக்கரைச் சொல்லிக்கொடுத்தவர் நூர் அகமது. பதினொரு வருடம் கப்பல் சமையல்கட்டில் வேலை பார்த்துவிட்டுத் தொண்ணூற்றாறில் ஊர் திரும்பியபோது அவர் கொண்டுவந்த சாமான்களில் ஒரு பெட்டி நிறைய பிளாஸ்டிக் காயின்களும் இருந்தன. ஆளுக்கு இரண்டு சீட்டு கையில். ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாக நடுவில். கையில் நல்ல சீட்டு இருப்பவன் ஜெயிக்கலாம், இல்லாதவனும் இருப்பதுபோல் நடித்து எதிராளியைச் சீட்டைக் கவிழ்த்து விலக வைத்தால் ஜெயிக்கலாம். ஆட்டம் அவ்வளவுதான்.

ஞானராஜ் முதல் ஒரு மணி நேரம் கிட்டத்தட்ட ஆடவே மாட்டான். வந்த சீட்டை எல்லாம் கவிழ்த்துவிட்டு, கடலையைக் கொறித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பான். யார் காயினை மெதுவாக வைக்கிறார், யார் வீசுகிறார், யார் தன் சீட்டை இரண்டாம் தடவை எடுத்துப் பார்க்கிறார் என்று ஒவ்வொன்றும் அவன் கணக்கில் ஏறும். சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் அவன் கை வைத்தான் என்றால் யாரோ ஒருவர் காலியாகப்போகிறார் என்று அர்த்தம். பெரும்பாலும் அந்த ஒருவர் ராமராக இருந்தார்.

ராமருக்குக் கழிவுப்பஞ்சு வியாபாரம். ஸ்பின்னிங் மில்களில் மிஞ்சுவதை வாங்கி விற்று நன்றாகச் சம்பாதித்தவர். கன்னிவாடியில் மலையடிவாரத்தில் தோட்டம் இருந்தது. ஊரில் பெரிய மனிதர். ஆனால் அந்த மேசையில் ஞானராஜிடம் அவர் செல்லாக்காசு. பொய்யாகப் பந்தயம் கட்டும்போது மூச்சை அடக்கிக்கொள்ளும் பழக்கம் அவருக்கு. சட்டைப் பையில் செருகிய பேனா அசையாமல் நிற்கும். நாலு வருடமாக அந்தப் பேனாவைப் பார்த்துத்தான் ஞானராஜ் அவரை வழித்துக்கொண்டிருந்தான்.

இரண்டாயிரத்து ஒன்றில் ராமர் வியாபாரிகள் சங்கத் தேர்தலில் நின்று தோற்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேசையில் எப்போதும்போல ஒரு பெரிய பொய்யைக் கட்டி ஞானராஜிடம் மாட்டிக்கொண்டார். காயின்களை அள்ளும்போது ஞானராஜுக்கு நாக்கு அரித்தது.

"அண்ணே, பொய் சொல்றப்ப மூச்சை அடக்காதீங்கண்ணே. நாலு வருசமா அடக்குறீங்க. எலக்சன்லயும் இப்படித்தான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஓட்டுக் கேட்டீகளாக்கும்?"

அறையே சிரித்தது. நூர் அகமது மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். ராமரும் சிரித்தார், எல்லோரையும்விடச் சத்தமாக.

படி இறங்கும்போது பரீது பாய் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏம்ப்பா ஞானம், அதை ஏன் சொன்ன?"

"சும்மா வெளாட்டுக்குத்தான் பாய்."

"நாலு வருசமா அந்த மூச்சை வெச்சுத்தானே அவர்கிட்ட வாங்கிக்கிட்டு இருந்த. அதை எடுத்து அவர் கையிலேயே குடுத்துட்ட. அதுவும் தோத்துட்டு வந்த மனுசன்கிட்ட."

ஞானராஜ் குனிந்து செருப்பைத் தேடினான். ஒரு பெரிய மனிதரின் முகம் எல்லோர் முன்னாலும் சிறுத்துப் போவதைப் பார்க்க ஆசையாக இருந்தது, அதனால் சொன்னான். பார்த்ததில் சந்தோஷமாகவும் இருந்தது. இதைப் பாயிடம் எப்படிச் சொல்வது?

ராமர் வராமல் நின்றுவிடுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் வந்தார். அடுத்த நாலு வருடமும் ஞாயிறு தவறாமல் வந்தார், தோற்றார், டீ குடித்தார், போனார். ஞானராஜைத் தம்பி என்றுதான் கூப்பிட்டார்.

இரண்டாயிரத்து ஐந்து ஜூனில் ஒருநாள் ராமரின் வேன் எடைமேடை முன்னால் வந்து நின்றது. ஒரு புது கம்ப்யூட்டரை அட்டைப்பெட்டிகளோடு இறக்கினார்கள். கூடவே அவர் மகன் ரோஹித் வந்திருந்தான். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறவன், கொஞ்ச நாளாகக் காலேஜ் போகாமல் வீட்டில் இருந்தான். இருபது வயதுக்குக் கண்ணைச் சுற்றிக் கருத்து, ஆள் ஒடிசலாக இருந்தான்.

"உன் பாப்பா ஒம்பதாவது போகுதுல்ல, படிக்க ஆகும்," என்றார் ராமர். "பிராட்பேண்டுக்கும் எழுதிக் குடுத்துட்டேன். இன்னொரு விசயம் தம்பி. உன் ஆட்டம் இந்த ஆறு பேருக்குள்ள வீணாப் போகுது. லோகம் பூராம் ஆடுறான். ரோஹித் சொல்லித் தருவான், கேளு."

ஞானராஜின் மனைவி ஆனந்திக்கு அந்தப் பெட்டிகளைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. பாலசமுத்திரத்தில் அவள் அப்பா கொடுத்த நிலத்தை விற்றுத்தான் அந்த எடைமேடையைப் போட்டார்கள். பத்திரமும் அவள் பேரில்தான் இருந்தது. அதனால் அந்த இடத்துக்குள் வருகிற எதையும் அவள் ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பாள்.

"இம்புட்டு வெலைக்கு ஒரு பொருளை யாரு சும்மா குடுப்பாக?" என்றாள்.

"அவரு மனசு பெருசு."

"அவரு மொகத்தைப் பாத்தா அப்படித் தெரியல."

"ஒனக்கு என்ன தெரியும்?" என்றான் ஞானராஜ்.

ரோஹித் மறுநாளே ஆரம்பித்தான். அமெரிக்காவில் ராத்திரி என்றால் நமக்குக் காலை. அங்கே ஆட்டம் சூடாக இருக்கும் நேரம் திண்டுக்கல்லில் ஆறு மணி. நுழைவுக்கட்டணம் ஒரு பிரியாணி விலைதான். அதையும் அமெரிக்காவில் இருக்கும் ரோஹித்தின் அத்தை மகன் கட்டிவிடுவான். ஆயிரம், இரண்டாயிரம் பேர் ஒரே நேரத்தில் உட்காருவார்கள். எல்லோருக்கும் ஒரே அளவு காயின். காலியானவன் வெளியே போக வேண்டும். கடைசியில் மிஞ்சும் சில பேருக்குப் பரிசு.

"இதுல ஒரு சிக்கல் இருக்கு சித்தப்பா," என்றான் ரோஹித். "ஒவ்வொரு சுத்துலயும் கட்டாயமாக் கட்ட வேண்டிய தொகை பத்து நிமிசத்துக்கு ஒருக்கா ஏறிக்கிட்டே போகும். சும்மா இருந்தா கரைஞ்சுருவீங்க."

ஞானராஜ் அதைக் காதில் வாங்கவில்லை. தன் வழக்கப்படி சீட்டுகளைக் கவிழ்த்துவிட்டுக் காத்திருந்தான். யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லை. திரையில் ஒன்பது வட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், ஒரு நாய்ப் படமோ கார் படமோ. முக்கால் மணி நேரத்தில் கட்டாயத் தொகையே அவன் காயின்களை அரித்துத் தின்றுவிட்டது. மிச்சமிருந்ததோடு வெளியேறினான். அடுத்த நாளும் அப்படியே. பத்து நாள் அப்படியே போனது. ஒரு ஞாயிறுகூட வெறுங்கையோடு வீடு திரும்பாதவனுக்கு அது பெரிய அவமானமாக இருந்தது.

"கொறைஞ்சுட்டா யோசிக்காதீங்க," என்றான் ரோஹித். "ஒரு ஆஸ் வந்தாப் போதும். இல்ல ராஜா ராணி மாதிரி ரெண்டு படம். இருக்கிறதை மொத்தமாத் தள்ளிருங்க. வெளிய போக எல்லாருக்கும் பயம் இருக்குல்ல? பத்துக்கு ஆறு பேரு கவுத்துட்டு ஓடிருவான்."

மொத்தத்தையும் தள்ளுவதற்குத் திரையில் ஒரு பொத்தான் இருந்தது. முதல்முறை அதை அழுத்தும்போது ஞானராஜின் விரல் தயங்கியது. எதிராளி கவிழ்த்தான். கையில் ஒன்றுமில்லாமல் ஞானராஜ் ஜெயித்திருந்தான். அன்று காலை பதினேழு முறை அழுத்தினான்.

ஆகஸ்டில் இரண்டாயிரத்து நூறு பேரில் மூன்றாவதாக வந்தான். ரோஹித் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தான். ராமர் இரண்டு கிலோ ஜிலேபி அனுப்பினார், கூடவே ஒரு துண்டுச்சீட்டு: 'தம்பி, லோகம் இப்பத்தான் ஒன்னைப் பாக்குது.' ஞானராஜ் அந்தச் சீட்டைப் பத்திரமாக மணிபர்சில் வைத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு ஒன்று போதவில்லை. ஒரே திரையில் நாலு ஜன்னல்களைத் திறந்து நாலு டோர்னமெண்ட் ஆடினான். ஒன்றில் வெளியேறினால் அதை மூடிவிட்டு இன்னொன்றைத் திறந்தான். தோற்றால் வலிக்கவில்லை. தோற்றது பத்து விநாடிகூட மனசில் நிற்கவில்லை, அதற்குள் வேறொரு ஜன்னலில் சீட்டு வந்துவிடும். ஆறு மணிக்கு உட்கார்ந்தால் பத்தாகும். பரிசும் எப்போதாவது வந்தது. வந்ததை எல்லாம் நுழைவுக்கட்டணமே விழுங்கிவிட்டது.

லாரிகள் வரும், ஹாரன் அடிக்கும். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே எடைக் கருவியின் எண்ணைக் கைச்சீட்டில் எழுதி ஜன்னல் வழியாக நீட்டினான். டிரைவர்களுக்கு இது தெரிய ஒரு மாதம்கூட ஆகவில்லை. பின்சக்கரங்கள் மறுபடியும் மேடைக்கு வெளியே போயின. தார்ப்பாய்களுக்கு அடியில் ஆட்கள் படுத்தார்கள். வெங்காய மண்டி முகமது பாரூக் ஒருநாள் தானே நேரில் வந்து, தன் லாரி மேடையில் நிற்கும் லட்சணத்தை வெளியே நின்று பார்த்தார். பிறகு உள்ளே வந்து ஞானராஜின் முதுகுக்குப் பின்னால் ஐந்து நிமிடம் நின்றார். அவன் திரும்பவில்லை.

"ஞானராஜு."

"சொல்லுங்க பாய்."

"ஒன்னுமில்ல. இனிமே நம்ம வண்டி இங்க வராது. அதைச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"சரிங்க பாய்," என்றான். அவர் சொன்னது என்ன என்பது ஒரு ஆட்டம் முடிந்த பிறகுதான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மேசை அவனுக்கு இழுவையாகிவிட்டது. ஒருவர் சீட்டைக் கலைத்துப் போடுவதற்குள் கம்ப்யூட்டரில் ஆறு ஆட்டம் முடிந்திருக்கும். விரலால் மேசையைத் தாளம் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கடலைத் தட்டு தொடாமல் கிடக்கும். மோசமான சீட்டைக் கவிழ்க்க மனம் வராது. ஒரு ஆஸைக் கண்டால் காயின் மொத்தத்தையும் இரண்டு கையாலும் தள்ளுவான். முதலில் மற்றவர்கள் பயந்தார்கள். நாலைந்து வாரத்தில் பயம் போய்விட்டது. நல்ல சீட்டு வரும்வரை காத்திருந்து, அவன் தள்ளும்போது எதிரே நின்றால் போதும் என்று எல்லோரும் கண்டுகொண்டார்கள். முன்பு அவன் அவர்களுக்குச் செய்ததை இப்போது அவர்கள் அவனுக்குச் செய்தார்கள்.

ராமர் அந்த நாட்களில் அதிகம் ஆடவில்லை. பெரும்பாலும் கவிழ்த்துவிட்டு ஞானராஜையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் பரீது பாய் பொறுக்கமாட்டாமல் சொன்னார். "ஞானம், நீ இப்பல்லாம் எங்க மூஞ்சியைப் பாக்குறதே இல்லப்பா. நடுவுல கெடக்குற சீட்டைத்தான் பாக்குற."

"மூஞ்சியைப் பாத்து ஆடுறதெல்லாம் பழைய ஆட்டம் பாய். இது கணக்கு. நீங்க வாரத்துக்கு முப்பது கை ஆடுறீங்க. நான் காலைல ஒரு மணி நேரத்துல முந்நூறு ஆடுறேன். எனக்கு நீங்க சொல்றீங்க."

பரீது பாய் சீட்டைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தார். 

இரண்டாயிரத்து எட்டு ஏப்ரலில் ராமர் கன்னிவாடித் தோட்டத்தில் ஒரு விருந்து வைத்தார். ஆட்டுக்கறி, காடை, தொட்டுக்கொள்ள இரண்டு மூன்று வெஞ்சனம், வாழையிலைச் சாப்பாடு. முடிந்ததும் மாமரத்து நிழலில் மேசை போட்டிருந்தது. ராமர், ஞானராஜ், பரீது பாய், நூர் அகமது, தோல் தரகர் அப்துல் லத்தீப் ஆகிய ஐந்து பேர். பேகம்பூரில் ஆடுவதைப்போல் பத்து மடங்குக்கு ஆடலாம் என்றார் ராமர். மற்றவர்கள் தயங்கினார்கள். ஞானராஜ்தான் முதலில் சரி என்றான். பாரூக்கைத் தொடர்ந்து இன்னும் மூன்று மண்டிகள் போய்விட்டிருந்த நேரம் அது. ஒரே மத்தியானத்தில் எல்லாவற்றையும் சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்தான்.

நாற்பதாவது நிமிடத்தில் அவனுக்கு ஒரு ஆஸும் ஏழும் வந்தன. பழைய ஞானராஜ் அதை யோசிக்காமல் கவிழ்த்திருப்பான். இவன் மொத்தத்தையும் தள்ளினான். ராமர் இரண்டு ராஜாக்களைத் திருப்பிப் போட்டார். நடுவில் ஆஸ் வரவில்லை.

ஞானராஜின் வலது கை மேசைமேல் லேசாக நகர்ந்து ஆள்காட்டி விரல் ஒருமுறை அழுந்தியது. ஜன்னலை மூடிவிட்டு அடுத்ததைத் திறக்கும் விரல் அது. மூட அங்கே எதுவும் இல்லை. ராமர் காயின்களை அள்ளி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னொன்னு," என்றான் ஞானராஜ்.

"இன்னிக்குப் போதும்ப்பா," என்றார் பரீது பாய்.

"இன்னொன்னு குடுங்கண்ணே."

ராமர் இன்னொரு அடுக்குக் காயின் கொடுத்தார். அது இருபது நிமிடம் தாங்கியது. அதற்குப் பிறகு எழுதிக்கொடுக்க ஞானராஜிடம் எடைமேடைதான் இருந்தது. ராமர் வேண்டாம் என்றார். இரண்டு தரம் வேண்டாம் என்றார். "தங்கச்சி பேருல இருக்குற எடம்ப்பா," என்றார். மூன்றாம் தரம் ஞானராஜ் கெஞ்சியபோது ஒரு பேப்பரை எடுத்துவரச் சொன்னார். பேப்பர் ஏற்கெனவே டைப் அடித்து வைத்திருந்தது. ஞானராஜ் அதையும் கவனிக்கவில்லை.

கடைசி ஆட்டத்தில் அவன் கையில் ராஜாவும் ராணியும். நடுவில் ஒன்பது, நாலு, ஜாக்கி. ஜோடிகூடச் சேரவில்லை. ஒரு பத்து வந்தால் வரிசை சேரும், அவ்வளவுதான். ராமர் பந்தயம் கட்டினார். காயின்களை நகர்த்தும்போது அவர் கை நடுங்கியது. ஒரு காயின் உருண்டு மேசைக்குக் கீழே விழுந்தது. நூர் அகமது உடனே தன் சீட்டைக் கவிழ்த்தார். லத்தீப் கவிழ்த்தார். பொய் சொல்கிறவனுக்குக் கை நடுங்காது. பெரிய சீட்டு வந்து அதை மறைக்கத் தெரியாமல் தவிக்கிறவனுக்குத்தான் நடுங்கும். அந்த மேசையில் இருந்த ஒவ்வொருவருக்கும் அது தெரியும். பரீது பாய் தன் சீட்டைக் கவிழ்த்துவிட்டு, கெட்டுப்போன பண்டத்தைப் பார்ப்பதுபோல் ஞானராஜைப் பார்த்தார்.

ஞானராஜ் நடுவில் கிடந்த மூன்று சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பத்துக்கு ஆறு பேர் கவிழ்த்துவிடுவார்கள் என்று அவன் மனம் சொன்னது. இரண்டு கையாலும் எல்லாவற்றையும் தள்ளினான்.

வெளியேறப் பயப்பட அங்கே யாரும் இல்லை. ராமர் யோசிக்கவே இல்லை. இரண்டு ஒன்பதுகளைத் திருப்பி வைத்தார். மூன்று ஒன்பது. அதன் பிறகு வந்த இரண்டும் பத்து இல்லை.

மற்றவர்கள் எழுந்து போன பிறகும் ஞானராஜ் உட்கார்ந்தே இருந்தான். ராமர் அவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏழு வருசம் தம்பி," என்றார். "கண்ணாடி முன்னாடி உக்காந்து மூச்சு விடப் பழகுனேன். மூஞ்சியை எப்படி வெச்சுக்கிறது, கையை எப்படி வெச்சுக்கிறதுன்னு. இன்னிக்கு எம்புட்டுப் பயந்து வந்தேன் தெரியுமா? கை நடுங்கிருச்சு. போச்சுடா, பாத்துட்டான்னு நெனச்சேன். நீ ஒரு தடவைகூட என்னைப் பாக்கல."

ராமர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். 

"ரோஹித் நல்லா ஆடிக்கிட்டிருந்த பய. இந்த டோர்னமெண்ட்டுல உக்காந்து ஆறே மாசத்துல வீணாப் போனான். பொறுமை போச்சு, படிப்பு போச்சு. அவனைப் பாத்துக்கிட்டே இருந்தப்பதான் ஒன் ஞாபகம் வந்துச்சு. அவந்தான் போயிட்டான், அவனால ஒரு பிரயோசனமாவது இருக்கட்டும்னுதான் ஒங்கிட்ட அனுப்புனேன்."

பெற்ற மகனைப் பற்றி இதைச் சொல்லும்போது அவர் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. ஞானராஜின் இலையில் மிச்சமிருந்த காடையை நாய்க்குப் போடச் சொல்லி வேலையாளைக் கூப்பிட்டார்.

ஆனந்தி கையெழுத்துப் போட்டால்தான் இடம் கைமாறும். ஞானராஜ் மூன்று நாள் அவளிடம் சொல்லாமல் இருந்தான். நாலாம் நாள் சொன்னபோது அவள் அழவில்லை. அரிசி களைந்துகொண்டிருந்தவள் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடியும் களைந்தாள். ரிஜிஸ்தர் ஆபீசில் ராமர் வெள்ளைச் சட்டையில் வந்து, "வாம்மா தங்கச்சி," என்றார். அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்ததும் ஞானராஜ் கேட்டான். "எம்மேல கோவமா?"

"நா ஒங்களுக்காகப் போடல. அந்த ஆளு மூஞ்சில இன்னும் பசி அடங்கல. இது கெடைக்கலைன்னா நம்ம புள்ள வரைக்கும் வருவான். அதான் போட்டேன்."

ராமர் எடைமேடையை இடிக்கவில்லை, வேறு ஆளையும் வைக்கவில்லை. ஞானராஜையே மாதச் சம்பளத்துக்கு அதே நாற்காலியில் உட்காரச் சொன்னார். கம்ப்யூட்டரை எடுக்க வேண்டாம் என்றார். பிராட்பேண்ட் பில்லைத் தானே கட்டுவதாகச் சொன்னார். "வேலை நேரத்துல ஆடுனா ஆடிக்கடா, நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்," என்றார். தம்பி என்று கூப்பிடுவது நின்றுபோயிருந்தது. படிப்பை விட்டுவிட்டு வந்த ரோஹித்தையும் கணக்குப் பார்க்க அங்கேயே உட்கார வைத்தார். ஆனந்தி ஒரு ஸ்பின்னிங் மில்லில் ஷிப்டு வேலைக்குச் சேர்ந்தாள்.

ஞானராஜ் மனசுக்குள் ஒன்றை மட்டும் நம்பிக்கொண்டிருந்தான். போனது இடம்தான், கை போகவில்லை. பழையபடி பொறுமையாக உட்கார்ந்தால் இரண்டு வருடத்தில் எல்லாவற்றையும் மீட்டுவிடலாம். ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேகம்பூர் அறையின் படியேறினான். ராமர் அங்கே வருவதை நிறுத்தியிருந்தார். அவருக்கு வேண்டியதெல்லாம் கிடைத்துவிட்டது.

பரீது பாய் அவனுக்குக் காயின் கொடுக்கவில்லை. வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் புளியங்கொட்டை கொண்டுவரச் சொல்லி ஆளுக்கு நூறு எண்ணிப் போட்டார். "இதுக்குக் காசு கெடையாது. சும்மா ஆடு. பாப்போம்."

ஞானராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தான். முதல் சீட்டைக் கவிழ்த்தான். இரண்டாவதையும் கவிழ்த்தான். நூர் அகமதுவின் முகத்தைப் பார்த்தான். முகம் தெரிந்தது, மூக்கு, கண், வெற்றிலைக் காவி ஏறிய பல் எல்லாம் தெரிந்தன. அதிலிருந்து முன்பு அவனுக்குக் கிடைத்துக்கொண்டிருந்த எதுவும் கிடைக்கவில்லை. கால் ஆட ஆரம்பித்தது. ஐந்தாவது ஆட்டத்தில் ஒரு ஆஸும் மூன்றும் வந்தன. வேண்டாம் என்று அவனே முணுமுணுத்தான். முணுமுணுத்துக்கொண்டே நூறு கொட்டையையும் தள்ளினான். லத்தீப் ஜெயித்தார். பாய் இன்னொரு நூறு எண்ணிப் போட்டார். அது எட்டு நிமிடம் இருந்தது. மூன்றாவது நூறு போனபோது நூர் அகமது தலை குனிந்துகொண்டார்.

"புளியங்கொட்டைப்பா இது," என்றார் பரீது பாய். "இதைக்கூட ஒன்னால கையில வெச்சிருக்க முடியல."

"இன்னொரு தடவை பாய். நூறு வேணாம், அம்பது போடுங்க."

"ஞானம், நீ எப்ப வேணாலும் வா. டீ குடி, உக்காந்து பேசு. சீட்டு மட்டும் கேக்காத." கொட்டைகளை வழித்துக் கிண்ணத்தில் போட்டு அதைத் தன் நாற்காலிக்குக் கீழே தள்ளி வைத்துக்கொண்டார்.

அடுத்த வருடம் ஜூனில் ஆனந்தி மகள் இளவேனிலைக் கூட்டிக்கொண்டு பாலசமுத்திரத்துக்குத் தன் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். பெண் அங்கிருந்தே பழனியில் காலேஜ் போகட்டும், தனக்கும் ஏதாவது வேலை கிடைக்கும் என்றாள். எப்போது திரும்புவாள் என்று அவள் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. காலை ஐந்தேகாலுக்குத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் பழனி பஸ்ஸில் ஏற்றிவிட வந்திருந்தான். பெட்டிகளை மேலே தூக்கி வைத்தான். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த இளவேனில் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, ஞாயித்துக்கெழமை வருவீங்கல்ல?"

"வாரேம்மா. கண்டிப்பா வாரேன்."

டிரைவர் இன்னும் வரவில்லை. கண்டக்டர் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தார். ஞானராஜ் கால் மாற்றி நின்றான். வாட்சைப் பார்த்தான். மறுபடியும் பார்த்தான். ஆனந்தி அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நேரமாச்சு, நீங்க போங்க," என்றாள்.

"இல்ல, பஸ் எடுக்கட்டும்..."

"போங்க. புள்ள கையை மெதுவா எடுத்துட்டுப் போங்க."

அவன் எடுத்துக்கொண்டான். பிளாட்பாரத்தின் முனைவரை நடந்தான், அதற்குப் பிறகு ஓடினான். சைக்கிளை மிதித்து எடைமேடை அறைக்குள் நுழைந்தபோது ஆறாக இரண்டு நிமிடம் இருந்தது. ரோஹித் கம்ப்யூட்டரைப் போட்டுத் தயாராக வைத்திருந்தான். நுழைவுக்கட்டணம் இல்லாத டோர்னமெண்ட், நாலாயிரத்துச் சொச்சம் பேர். முதல் ஒன்பது பேருக்குத்தான் பரிசு.

ஞானராஜ் பதினொன்றாவதாக வந்தான்.

"சூப்பர் சித்தப்பா," என்றான் ரோஹித்.